தாகம் யாருக்கு

தண்ணீர் பாட்டில் மறுபடியும் காலி.

ஜெபராணி குனிந்து பார்த்தாள். காலையில் கழுத்துவரை இருந்தது. டியூட்டிக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கண்ணால் அளந்து வைத்திருந்தாள்.

கட்டிலில் சுடலைமுத்து. கடலைக்காட்டில் விரியன் கடித்து வந்தவர். விஷத்துக்கு ஊசி போட்டாயிற்று. ஆனால் இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. வாய் நனைக்கிற அளவுக்கு மேல் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அப்புறம் பாட்டில் எப்படி வற்றுகிறது?

அவர் மனைவி பேச்சியம்மாள் மேல்தான் சந்தேகம். பாவம் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறாள். நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிற ஜெபராணியிடமா இந்த வேலை?

கேட்டதற்கு, தாகம் எனக்குத்தான், நான்தான் குடித்தேன் என்றாள் பேச்சியம்மாள். முகத்தைப் பார்க்காமல்.

ஜெபராணி சுடலைமுத்துவின் உதட்டைப் பார்த்தாள். வெடித்துக் காய்ந்து கிடந்தது.

கட்டிலுக்கு அடியில் சிறுநீர் பிடிக்கும் கேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. தொட்டால் சூடு.

நேற்றுவரை அதன் அடிகூட நனையவில்லை. மதியத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிப் போனதிலிருந்துதான் இந்தப் பெருக்கு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். கேனைப் பார்த்தால் டாக்டரும் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிடுவார்.

சுடலைமுத்துவின் காலைக் கை கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எழும்பவே இல்லை. நேற்றைவிட வீக்கம். மூச்சும் இரைத்தது.

இவ்வளவு வெளியே போயிருந்தால் உடம்பு ஏன் வடியவில்லை?

விட்டேனா பார் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள்.

பேச்சியம்மாள் பாட்டிலை நிரப்பி வந்தாள். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடியும் குடித்தாள். கசப்பு மருந்து குடிக்கிற முகம். பிறகு கேனை முந்தானையில் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

பெண்கள் கழிப்பறைக்கு.

கேனை நிரப்புவது யார் என்று ஜெபராணிக்குப் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

வாசலிலேயே மறித்தாள். பேச்சியம்மாள் கேனை விடவில்லை. ஊரில் ஒருத்தருக்கு அந்த மிஷினைப் போட்டார்களாம். சாகிறவரை எடுக்கவே இல்லையாம். ஒருதரம் போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டுமாமே என்று அழுதாள்.

அது வருஷக்கணக்காகக் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு. இது திடீரென்று அடிபட்டது. கொஞ்ச நாள் மிஷின் பார்த்துக்கொண்டால் தானாக எழுந்துவிடும். போடாவிட்டால்தான் தண்ணீர் நெஞ்சை அடைக்கும். ஜெபராணி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை.

உள்ளங்கையை நீட்டினாள்.

"சத்தியம் பண்ணு தாயி."

ஜெபராணி அந்தக் கையில் அடித்தாள்.

பேச்சியம்மாள் உள்ளே போய்க் கேனைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை.

டாக்டர் வார்டுக்குள் வந்துகொண்டிருந்தார். சொல்வதற்காக அவரிடம் போகிற வழியில்தான் சிறுநீரகம் தானாக எழுந்துவிடும் என்கிற பாடப்புத்தக வரி ஜெபராணிக்கு முழுசாக நினைவுக்கு வந்தது.

'பெரும்பாலோருக்கு' என்று தொடங்குகிற வரி.