முட்டியை மடக்கு

"முட்டிய வெறப்பா வெச்சிகினு குதிக்காத. எலும்பு பொளந்துக்கும்."

ஜெயவேல் மதில் மேல் குந்தியிருந்தான். எண்ணூரில், கைவிடப்பட்ட உப்புக் கிடங்கு. உள்பக்கம் ஏணியைப் பிடித்தபடி சொல்லிக்கொடுத்தவன் டில்லிபாபு. காலையில் ஜெயவேலை அம்பாசடரில் ஏற்றிவந்தபோது உள்ளே இருந்தவன்; அப்போதுதான் பழக்கம். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"குதிகால் மொதல்ல பட்டா அதிர்ச்சி நேரா முதுவுக்கு ஏறும். முன்பாதம் படட்டும், அப்பால குதிகால், ஒடனே முட்டிய மடக்கு. நிக்கணும்னு நெனைக்காத. தோள் பக்கமா உருண்டுடு."

"பயமா கீது நைனா. ஞாயித்துக்கெயம ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. கால் போச்சின்னா நான் காலி."

"சொன்னபடி எறங்கு. ஒண்ணும் ஆவாது."

"நீ குதிச்சிகீறியா?"

"இதே சொவுருதான்."

"அப்பதான் கால் போச்சா? தப்பா எறங்கிட்டியா?"

"கரெக்டாதான் எறங்குனேன்."

டில்லிபாபு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளிப்பக்கம் கார் அருகே, அவனை ஏற்றிவந்த இருவர் நின்றார்கள். அவர்களில் மீசைக்காரர்தான், குதித்துவிட்டால் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னடா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?"

ஜெயவேலின் கண்ணில் கீழே தரை ஆடியது. அப்படியே குதித்தான்.

முன்பாதம். குதிகால். முட்டி தானாக மடங்கியது. தோளில் உருண்டு எழுந்தான். கையால் இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"ஒண்ணும் ஆவல நைனா!"

மதிலுக்கு அப்பால் டில்லிபாபு ஏணியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

மீசைக்காரர் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு, மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏண்டா டில்லி, நீ சொல்லிக்குடுத்து குதிக்கிற எவனுக்கும் கால் ஒடியறதே இல்லையேடா!"

மற்றவர் பின்சீட்டில் கிடந்த காக்கித் தொப்பியை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து இரும்புக் குழாயை உருவினார்.

"தப்பி ஓடறப்ப சுவத்துலேர்ந்து குதிச்சு கால் முறிஞ்சிடுச்சுன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட காலையிலயே சொல்லிட்டேன்" என்றார் மீசைக்காரர். "எந்தக் கால்னுதான் சொல்லல. நீ எந்தக் கால்லடா பந்து உதைப்ப?"