ஒன்று போடப் பழகுதல்

மானகிரியில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் கட்சிக் கார் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. நாளை சென்னையில் ஜனாதிபதி தேர்தல், எம்.எல்.ஏ.க்களின் ரகசிய ஓட்டு; வேண்டிய வேட்பாளரின் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் ‘1’ எழுத வேண்டும். உள்ளே சாப்பாட்டு மேசையில் எம்.எல்.ஏ. சவரிராஜ் காலண்டர் தாளின் பின்புறத்தில் ‘1’ எழுதிப் பழகுகிறார். சில வாரமாக வலது கை நடுங்குகிறது. டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. கட்டம் தாண்டினால் ஓட்டு செல்லாமல் போய்விடுமோ என்று கட்சிக்குக் கவலை. மனைவி பவுலின் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டிருக்கிறாள். மேலே கட்சி சொல்லும் வேட்பாளர், கீழே அவரை எதிர்ப்பவர். ஆடிக் காற்றில் படபடக்கும் தாளை விரல்களால் அழுத்திக்கொள்கிறாள். மேல் கட்டத்தில் கோடு புழுவாக நெளிந்து வெளியே ஓடுகிறது. மறுபடியும் அப்படியே. வாசலில் ஹாரன்.

“ஏன் பதறுறீக? நிதானமாப் போடுங்க.”

அவர் பேனா கீழே இறங்குகிறது. கீழ்க் கட்டத்தின் நடுவில், கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்தது போல, ‘1’ நேராக நிற்கிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள். காரில் வந்த கட்சி மாவட்டச் செயலாளரின் செருப்புச் சத்தம் கூடத்துக்குள் வந்துவிடுகிறது.

“என்னண்ணே, கை பழகிருச்சா?”

பவுலின் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தித் தாளின் மேல் வைத்துவிட்டு அவளே பதில் சொல்கிறாள்.

“எங்க தம்பி, இன்னும் நடுங்கத்தான் செய்யுது.”