நாலாவது கருத்து

கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், முள்வேலிக்குள் இருக்கும் தகர மாதா கோயிலில் ஞாயிறு காலைச் செபமாலை நடக்கிறது. ரோட்டில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் சுடுகிறார்கள் என்பதால் சாமியார் வரவில்லை; ஐம்பது மணிகளையும் பத்துப் பத்தாக எதற்காக உருட்ட வேண்டும் என்று ஐந்து செபக் கருத்துகளை எழுதி அனுப்பியிருக்கிறார். வாசிப்பவர் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா ஜூலியஸ் கிராணி. கஞ்சி போட்ட சட்டை, அதன் பையில் நாலாக மடித்த சிங்கப்பூர்ப் பத்திரிகை. கொரியாச் சண்டை நீளும், ரப்பர் விலை இன்னும் ஏறும் என்று அதில் போட்டிருக்கிறது. அதை நம்பி, பெண்டாட்டி சங்கிலியை விற்று ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்கி வைத்திருக்கிறது இந்தப் பக்தி சிகாமணி. முதல் மூன்றைக் கணீரென்று வாசிக்கிறார். நாலாவதில் கண் நிற்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஐந்தாவதுக்குத் தாவுகிறார்; அதையும் முடித்துவிட்டுச் சிலுவை போடக் கையைத் தூக்குகிறார். "இன்னும் பத்து மணி மிச்சமிருக்கு, கிராணியாரே." செபமாலையை விரலிடுக்கில் பிடித்தபடி அகதா சொல்கிறாள், போன மாதம் பால்மரக் காட்டில் குண்டடிபட்டுச் செத்த ராஃபேலின் மனைவி. "எதை விட்டீங்க?" வெயிலில் தகரம் சடசடக்கிறது. "கொரியாவுல சமாதானம் வரணுமாம்," என்று முனகுகிறார் கிராணி. "வந்தா வெல விழுந்திடும் லா. ஒங்க சம்பளமும்தான் கொறையும்." "கொறையட்டும். வாசிங்க." வாசிக்கிறார். கோயிலே முழங்காலில் நின்று சமாதானம் கேட்கிறது. ஜூலியஸ் கிராணியின் உதடும் அசைகிறது, மாதா காதில் இது மட்டும் விழுந்துவிடக் கூடாதே என்ற நடுக்கத்தோடு.