தம்பு வாய் திறக்காத வாரம்

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ராஜாவைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு!"

வீரம்மா மூச்சிரைக்க வந்து சொன்னபோது மார்க்கிரட் தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். 

"என்ன சொல்லி ஏசுறார்?"

"வெட்கங்கெட்டவன்கிறாரு. ஆம்பளையா இவன்கிறாரு. எங்க வீட்டுக்காரரு பயந்துபோயி, கடையில மாட்டியிருந்த ராஜா படத்தைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சிட்டாரு!"

கடல் தாண்டி வந்த தமிழர் வாழும் பிரிக்பீல்ட்ஸில் வீரம்மாவின் கணவன் சின்னையா நடத்தும் கோப்பிக் கடையில் பேப்பர் படித்துத் தீர்ப்புச் சொல்வது, ரயில்வேயில் பென்ஷன் வாங்கிய தம்புவுக்கு அன்றாட உத்தியோகம். ரப்பர்த் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டால் குற்றம். பெண்பிள்ளை சைக்கிள் விட்டால் குற்றம். ஐயர் இல்லாமல் தாலி கட்டினால் நாடு குட்டிச்சுவர். செய்தி எதுவானாலும் சரி, பெரியவர்கள் போட்ட கோட்டைத் தாண்டாதே என்றுதான் முடிப்பார்.

இத்தனை கோடு கிழித்த மனிதர்தான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னே, சைவக் குடும்பத்துப் பிள்ளையாயிருந்தும், கழுத்தில் சிலுவை போட்ட மார்க்கிரட்டைக் கட்டினார். யாழ்ப்பாணத்தில் வீடு, வயல், பேசி வைத்த பெண் எல்லாம் போயிற்று. "இனி இந்த வாசற்படியை மிதியாதே" என்று தகப்பன் சொல்லியனுப்பியதோடு சரி. அன்றிலிருந்து ஊரைப் பற்றி அவர் வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை.

ஆனால் கொழும்புக் கப்பல் வருகிறது என்று பேப்பரில் கண்டால் போதும், கிள்ளான் துறைமுகப் பக்கம் அவருக்கு ஒரு வேலை முளைத்துவிடும். கப்பலடியில் போய் நின்று, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாரோ சொல்ல மார்க்கிரட் கேட்டிருக்கிறாள். அவரிடம் கேட்டதில்லை. என்னைக் கட்டியதற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டு, ஆமாம் என்று வந்துவிட்டால்?

அந்த 1936 டிசம்பரில்தான் லண்டன் செய்தி வந்தது. இங்கிலாந்து ராஜா மனதுக்குப் பிடித்தவளுக்காக முடியையே துறக்கப் போகிறாராம். கடை முழுக்க அதே பேச்சு. எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும் தம்பு, இதற்கு மட்டும் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

மார்க்கிரட் காத்திருந்தாள். இத்தனை காலம் அவள் கேட்க ஏங்கிய கேள்வியை லண்டனிலிருந்து யாரோ கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

இன்று விடியுமுன் ராஜா ரேடியோவில் பேசுகிறார் என்று டாக்டர் வீட்டுக்குப் போன மனிதர், அங்கிருந்து நேரே கடைக்குப் போய் வெடித்திருக்கிறார்.

வீரம்மா போய்விட்டாள். தோசை கருகியது. ஒரு பெண்ணுக்காக எல்லாவற்றையும் விட்டவன் வெட்கங்கெட்டவன் என்றால், தான் யார்? மார்க்கிரட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தம்பு வந்து கதிரையில் சாய்ந்தார்.

"பூமணி! தண்ணி கொண்டா பிள்ளை."

தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எதற்கும் மகளை ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். மார்க்கிரட் ஆசையாய்த் திரேசா என்று தேடி வைத்திருக்க, பூமணிதான் என்று ஒற்றைக்காலில் நின்று அவர் வைத்த பேர். வீட்டுக்குள் அவர் பிடித்த பிடிவாதம் அது ஒன்றுதான்.

பூமணி தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மார்க்கிரட் எதிரே வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ. ராசாவை ஏன் அப்பிடி ஏசினனீங்கள்?"

"அதுக்குள்ள செய்தி வந்திட்டுதோ?"

"அவர் செய்தது அவ்வளவு பிழையே?" அவள் குரல் உடைந்தது. "பிழையெண்டால் எனக்குச் சொல்லுங்கோ. கடையில இருந்து ஊருக்குச் சொல்ல வேண்டாம்."

தம்பு நிமிர்ந்து பார்த்தார். அவள் எதைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் விளங்கிற்று.

"விசரி," என்றார் மெதுவாக. "விட்டதுக்கே நான் ஏசினனான்? விட்டவன் ஆம்பிளைதான்."

"அப்ப?"

"விட்டதை வாயால சொன்னானே! இவளுக்காகத்தான் விட்டனெண்டு உலகத்தையே கூட்டிவச்சுச் சொல்லுறான். அவளும் கேட்டிருப்பாள்தானே? இனிச் சாகுமட்டும் அந்தப் பாரத்தை ஆர் சுமக்கிறது? அவளெல்லோ! ஆம்பிளையெண்டால் இழந்ததை வாய்க்குள்ள வச்சிருக்க வேணும்."

மார்க்கிரட்டுக்குக் கொழும்புக் கப்பல்கள் நினைவுக்கு வந்தன. இருபத்தைந்து வருஷமாக இந்த மனிதர் எதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் கொஞ்சம் சுமக்கிறன். எனக்கு மட்டும் சொல்லுங்கோ. உங்கட அம்மா எப்பிடி இருப்பா? எனக்கு அவவின்ர பேர்கூடத் தெரியாது."

தம்பு கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பூமணி," என்றார்.

"கூப்பிட்டனீங்களோ, அப்பா?" என்று உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள்.