ஒரே உடம்போடு வந்த செயலி

கறுப்புப் போனும் வெள்ளைப் போனும் ஆளுக்கொரு கோட்டை கட்டியிருந்தன. புயல் சேதி சொல்லும் குட்டிச் செயலி, ஒவ்வொரு கோட்டைக்கும் தன்னைத் தனித்தனியாக எழுதிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். போன ஐப்பசியில் கறுப்புக்கு எழுதி முடித்து, வெள்ளைக்குப் பாதி எழுதுவதற்குள் புயல் வந்துவிட்டது. வெள்ளையின் சொந்தக்காரர் சவரிமுத்து சேதி தெரியாமல் கடலுக்குப் போனார். திரும்பவில்லை.

இந்த ஐப்பசியில் செயலி ஒரே உடம்போடு இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்து நின்றது.

"இனி இரண்டு தடவை எழுதிக்கொள்ள மாட்டேன். இப்படியேதான் வருவேன்."

"கலப்படமே! எங்கள் கோட்டைக்கென்றே எழுதிய பிள்ளைகளின் அழகு உனக்கு வருமாடி?" என்றது கறுப்பு.

"வராது. கொஞ்சம் மூச்சு வாங்கும், கோணலாய் நடப்பேன். ஆனால் புயல் உங்களுக்குத் தனித்தனியாக வருவதில்லையே. கதவைத் திறங்கள்."

கறுப்பு சட்டம் பேசிக்கொண்டிருக்கையிலேயே வெள்ளை கதவைத் திறந்துவிட்டது.