பலகை எந்தத் தலைப்பில் வரும்?

“இதையெல்லாம் அழிக்கணும் சார். பிரிச்ச கலர் டியூபை உள்ளே விடக்கூடாது. நீங்க போட்ட உத்தரவுதான்.”

சுங்க அலுவலகத்தின் பார்சல் கவுன்டரில் அந்தப் பெண் அதிகாரி இப்படிச் சொன்னதும், எதிரில் நின்ற பெரியவர் தலையை ஆட்டினார்.

வேறென்ன செய்வார்? எட்டு வருஷத்துக்கு முன்பு வரை இதே அறையின் பெரிய நாற்காலி அவருடையது. எந்தப் பொருள் வரி அட்டவணையில் எந்தத் தலைப்பில் வரும், அதற்கு என்ன வரி என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவார். ஆபீஸில் அவருக்குப் பெயரே ‘அட்டவணை’.

அறையில் மாறியது சுவரின் நிறம் மட்டும்தான். அந்தப் பழைய தராசு, அரக்கு வாசனை, ஒரு கால் ஆடுகிற மேசை எல்லாம் அப்படியே இருந்தன.

எவனோ ஒருவன் பெயின்ட் டியூபுக்குள் வைத்து எதையோ கடத்தினான் என்று, ‘பயன்படுத்திய கலர் சாமான் எது வந்தாலும் எரித்துவிடு’ என்று அன்றைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். இன்றைக்கு வந்திருப்பது அவருடைய அக்காவின் பெட்டி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அக்கா போன மாதம் வெளிநாட்டில் மகன் வீட்டில் இறந்துபோனாள். இவருக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “அம்மா இதை உங்ககிட்டதான் சேர்க்கச் சொன்னாங்க மாமா” என்று அக்கா மகன் அனுப்பிவைத்த மரப்பெட்டி இது. அவள் நினைவாக வந்ததும் இது ஒன்றுதான்.

“பழைய ஆபீசராம். பாரேன், பெட்டி இப்போ பறந்து வெளியே போயிடும்” என்று வரிசையில் பின்னால் ஒருவர் கிசுகிசுத்தார்.

பறக்கவில்லை.

“ஒவ்வொண்ணாப் பதியணும் சார். இது என்ன?”

“ஆயில் கலர் டியூப். பன்னிரண்டு இருக்கு. எல்லாம் பிரிச்சது.”

திறந்த பெட்டியிலிருந்து வந்த எண்ணெய் வாசனையில் அவருக்கு வயது ஏழாகிவிட்டது. அந்த நாளிலேயே அக்காவின் டியூப்களை அடுக்குவது அவர் வேலை. நீலத்தை நீலத்தோடு வைப்பார், மஞ்சளை மஞ்சளோடு வைப்பார். அக்கா வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுச் சிரிப்பாள். “இப்படித் தனித்தனியாப் பூட்டி வச்சா பச்சை எங்கேடா பொறக்கும், மண்டு?”

“இது சார்?”

“பிரஷ். பயன்படுத்தினது. பெயின்ட் ஒட்டியிருக்கு.”

காம்பின் நுனியெல்லாம் பல் தடம். யோசிக்கும்போது பிரஷைக் கடிக்கிற பழக்கம் எழுபது வயதிலும் அவளை விடவில்லை போலிருக்கிறது. பிரஷ்களும் அழிக்கிற கூடைக்குப் போயின.

“இது என்ன சார்?”

இப்போது அதிகாரியின் கையில் இருந்தது கலர் குழைக்கிற பலகை. பள்ளிக்கூடப் போட்டியில் ஜெயித்து அக்கா வாங்கி வந்தது. அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று வரைவாள். இவர் இரண்டு கையாலும் இதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூலியாக மூக்கில் ஒரு சொட்டு சிவப்பு வைப்பாள். அந்தச் சிவப்போடு தெருவெல்லாம் சுற்றி வந்த பையன்தான் பின்னாளில் அட்டவணை ஆனார்.

“கலர் குழைக்கிற பலகை. மேலே காய்ஞ்ச பெயின்ட் இருக்கு. இதுவும் அந்த உத்தரவுல... அந்த உத்தரவுல வரும்.”

அதிகாரி எழுதவில்லை. “நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்.”

“பலகைதாம்மா.”

“அவசரமில்லை. இன்னொரு தடவை பாருங்க.”

“பாவம், பெரியவரை ஏன் இந்தப் பாடு படுத்துறாங்க?” என்று பின்னால் அதே ஆள் கட்சி மாறினார்.

அட்டவணைக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எதையோ தப்பான தலைப்பில் போட்டுவிட்டாள் என்று நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டியவர் அவர். அழுதுகொண்டே திருத்தினாள்.

“அன்னைக்குத் திட்டினதுக்கு இன்னைக்கு வட்டியோட வசூல் பண்றியாம்மா? பலகை, பலகைன்னு என் வாயாலேயே எத்தனை தடவை சொல்ல வைப்பே? எரிச்சுட்டுப் போ!”

அதிகாரி கோபப்படவில்லை. வரிப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

“கையால வரைஞ்ச ஓவியத்துக்கு வரியும் இல்லை, தடையும் இல்லை சார். ஆனா இது ஓவியம்னு நானா எழுதிக்க முடியாது. பொருளுக்கு உரியவர்தான் எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க வாயால வரும்னுதான் மூணு தடவை கேட்டேன்.”

அவருக்கு அந்த வரி தெரியாதா என்ன? மனப்பாடம். முப்பது வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட அதை எடுத்துக் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி படிவத்தை நீட்டினாள். பொருள் என்ற கட்டத்தில் ‘ஓவியம்’ என்று எழுதினார்.

“படத்துல என்ன இருக்குன்னு இந்த இடத்துல ஒரு வரி எழுதணும் சார்.”

பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபது வருஷத்து வண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தது. அதில் உருவம் என்று எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘என் அக்கா.’

அதிகாரி அதைப் படித்தாள். பலகையை ஒரு தடவை பார்த்தாள்.

“சரியா இருக்கு சார்” என்று சொல்லி முத்திரையைக் குத்தினாள்.