வெறும் தகடு

வெறும் தகட்டின் மேல் இன்றைக்கும் ஏதோ ஏறியிருந்தது.

மோகனப்பிரியா பெருமூச்சைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டாள். மூச்சுப் பட்டால் அதுவும் ஒரு அடுக்காகிவிடும்.

தங்கம் பூசிய இரண்டு தகடுகள். ஒன்றை இரண்டு பாலிமர் கரைசல்களில் மாற்றி மாற்றி முக்கி, முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய படலத்தை அடுக்கடுக்காக வளர்க்கிறாள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க, முக்காமல் வைத்தது. அதில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் முதல் தகட்டின் கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வருஷ ஆராய்ச்சி கோவிந்தா.

வழிகாட்டிப் பேராசிரியர் திருமலைசாமி முதலில் சந்தேகப்பட்டது அவள் கூந்தலைத்தான். பொள்ளாச்சிக்காரி தேங்காய் எண்ணெயை விட்டாள். மல்லிகைப்பூவை விட்டாள். பவுடரையும் விட்டாள். பரட்டைத் தலையோடு மகள் கோயமுத்தூர் பஸ் ஏறுவதைப் பார்த்த அம்மா, மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

அடுத்த மேசை ஜபருல்லாவின் அத்தருக்கும் தடை வந்தது. பெருநாள் முடிந்து வந்தவன் வராந்தாவிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

தகடு எதையும் சட்டை செய்யவில்லை. சார் சென்னைக்குப் போயிருந்த வாரம் மட்டும் சும்மா இருந்தது.

இப்போது சார் வந்தார். தானே பார்ப்பதாகச் சொல்லி, படலத்தை ஒளியால் அளக்கும் அந்தக் கருவியின் குழலில் கண்ணை வைத்துக் குனிந்தார். தகட்டுக்கு ஒரு சாண் மேலே அவர் தலை.

கரிசலாங்கண்ணித் தைலம் கமகமத்தது.

மோகனப்பிரியா அந்தத் தலையையே பார்த்தாள். கோபம் வந்தது. சிரிப்பு வந்தது. கடைசியில் பாவமாகத்தான் இருந்தது.

"சார், தகட்டுக்கு மேல ஒரு கண்ணாடி மூடி போட்டுக்கலாமுங்களா? பல்லி கில்லி உழுந்துபோடுமுங்க."

சார் மெச்சிக்கொண்டார். ஆராய்ச்சி என்றால் இப்படி முன்யோசனை வேண்டும் என்று ஜபருல்லாவிடமும் சொன்னார். ஒளி போய்வர வழி விட்டு ஒரு மூடி செய்து வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு வெறும் தகட்டில் எதுவும் வளரவில்லை.

சாரின் வழவழப்பான வழுக்கை மண்டையில்தான், நட்ட நடுவில், பூனை முடிபோல ரெண்டு மூணு முளைத்திருந்தது.

அதுவாவது நன்றாக வளரட்டும் என்று மோகனப்பிரியாவும் மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.